கடலுக்கு என்ன நிறம்?

(‘கடல் காப்போம்’ என்று மாணவர்கள் வரையும் ஓவியங்களுக்குப் பரிசு தர வேண்டியவர்கள் விவரம் அறிந்த நடுவர்களா? பொதுமக்களா? என்ற பட்டிமன்றத்தில், ‘பொதுமக்களே’ என்ற அணியில் பேசியது)



எனக்கு வந்த சோதனையைப் பாருங்க. ‘நடுவர் வேண்டாம், மக்கள் போதும்’னு பேசணும். யார் முன்னால? நடுவர் முன்னால! (சிரிப்பு) பேசி முடிச்சதும் தீர்ப்பு சொல்லப் போறது யாரு? அவரே! (பலத்த சிரிப்பு) ஆடு போய் கசாப்புக் கடைக்காரர்கிட்ட சைவத்தைப் பத்திப் பேசின மாதிரி இருக்கு என் நிலைமை.

நடுவர்: பயப்படாம பேசுங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. (சிரிப்பு, கைதட்டல்)

நன்றி ஐயா. எதிரணித் தலைவர் அருமையா ஒரு கேள்வி கேட்டாரு. ‘ஓவியம்னா ஒரு கலை. அதுல கோடு இருக்கு, வண்ணம் இருக்கு, அளவு இருக்கு. தெருவுல போறவரைக் கூப்பிட்டு ஓட்டுப் போடச் சொன்னா அவருக்கு என்ன தெரியும்?’னு கேட்டாரு. இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்துல கேட்டவன். சும்மா கேக்கலை. நடுவர் நாற்காலியில உக்காந்துக்கிட்டுக் கேட்டவன். அந்த நாற்காலி என்னை எப்படிக் கீழே தள்ளிச்சுன்னு சொல்றதுக்குத்தான் வந்திருக்கேன்.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். தமிழ் வாத்தியார். வேலை பார்த்த ஊர் காரைக்கால். காரைக்கால் எப்படிப்பட்ட ஊருன்னா, கிழக்கே போனா வங்காள விரிகுடா, மத்த மூணு பக்கமும் எந்தப் பக்கம் போனாலும் தமிழ்நாடு. ஆனா நாங்க தமிழ்நாடு இல்லை, புதுச்சேரி யூனியன் பிரதேசம். அந்தப் புதுச்சேரிக்குப் போகணும்னா தமிழ்நாட்டுக்குள்ளயே 130 கிலோமீட்டருக்கு மேல பஸ்ல போகணும். தாய் வீட்டுக்குப் போக மாமியார் வீட்டு வாசல் வழியாப் போற மருமக மாதிரி! (சிரிப்பு)

அங்கே அரசலாறு கடல்ல கலக்கிற இடத்துக்குப் பக்கத்துல காரைக்கால்மேடுன்னு ஒரு மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தப்போ பெரும் துயரத்தைப் பார்த்த ஊர். கடல் கொடுத்ததையும் பார்த்தவங்க, கடல் எடுத்துக்கிட்டதையும் பார்த்தவங்க.

ஒரு வருஷம் ஜூன் 8-ந் தேதி. உலகப் பெருங்கடல் தினம். 1992-ல ரியோ மாநாட்டுல பேசப்பட்டு, 2009-லேருந்து ஐக்கிய நாடுகள் சபையே கொண்டாடுற நாள். அன்னிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு ஓவியப் போட்டி. தலைப்பு: ‘கடல் காப்போம்’. நடுவர்கள் மூணு பேர். அதுல நான் ஒருத்தன். ஏன் என்னைப் போட்டாங்கன்னா, அன்னிக்கு எனக்குப் பாடவேளை இல்லை. இதுதான் தகுதி! (சிரிப்பு)

கடலைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நான் காவிரிக்கரைக்காரன். எனக்குத் தெரிஞ்ச மீன் எல்லாம் குழம்புல மிதக்கிற மீன்தான். அதையும் தலைப்பக்கமா வால்பக்கமான்னு கேட்டுத்தான் சாப்பிடுவேன். (சிரிப்பு) ஆனா கையில சிவப்பு மைப் பேனா இருந்தா நம்ம ஆளுக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு நினைப்பு வந்துடும்.

நாற்பது படம். வண்ணத்துக்குப் பத்து மார்க், கருத்துக்குப் பத்து, சுத்தத்துக்குப் பத்து. பாதிப் படத்துல உலக உருண்டை அழுதுக்கிட்டு இருக்கு, ரெண்டு கை அதைத் தாங்கிக்கிட்டு இருக்கு. ஒரு படம் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கடல் நீலம்னா அப்படி ஒரு நீலம். உள்ளே பவளப்பாறை. ஆரஞ்சு நிறத்துல வெள்ளைப் பட்டை போட்ட மீன். சினிமாவுல வருமே, அந்த மீனு. முப்பதுக்கு இருபத்தெட்டு போட்டோம். முதல் இடம்.

இன்னொரு படம் வந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கிற பொண்ணு போட்டது. கடல் பூரா செம்மண் கரைச்ச மாதிரி பழுப்பு நிறம். ஒரு படகு. ஒரு வலை. வலைக்குள்ள ஒரு ஆமை. அவ்வளவுதான். நான் பார்த்தேன். எங்கேயாவது கடல் பழுப்பா இருக்குமா? பத்துக்கு மூணு போட்டேன். போட்டதோட விட்டேனா? ஓரத்துல சிவப்பு மையில எழுதினேன்: ‘கடலின் நிறம் தவறு.’

நாங்க போட்ட வரிசையில அந்தப் படம் பதினேழாவது.

முடிவை அறிவிக்கலாம்னு கிளம்புறப்போ ஊர்ப் பெரியவங்க வந்தாங்க. ‘சார், கடலைப் பத்திப் பிள்ளைங்க படம் போட்டிருக்காங்க. நாங்களும் பார்க்கிறோமே. எங்களுக்கும் ஒரு ஓட்டுக் குடுங்களேன்’னாங்க. ஜூன் 8-ங்கிறது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு எல்லாம் கரையில. ஆம்பளைங்க எல்லாம் ஊர்லயே இருக்காங்க. சரின்னோம்.

வலை பின்னுற கூடத்துல கயிறு கட்டி நாற்பது படத்தையும் தொங்கவிட்டோம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு சின்ன மண்சட்டி. ஆளுக்கு ஒரு சிப்பி. பிடிச்ச படத்துக்குக் கீழே போடணும். பிளாஸ்டிக் டம்ளர் வைக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. ‘ஐயா, தலைப்பே கடல் காப்போம்’னேன். (சிரிப்பு)

இங்கேதான் எதிரணிச் சகோதரி சொன்ன குறை வருது. ‘மக்கள் ஓட்டுன்னா யார் வீட்டுல அதிகம் சொந்தக்காரங்களோ அந்தப் பிள்ளைதான் ஜெயிக்கும்’னாங்க. உண்மைதாம்மா. எனக்கும் தினம் போன்ல வருது. ‘மாமா, என் பொண்ணு படத்துக்கு ஒரு ஓட்டு அமுக்குங்க.’ அந்தப் பொண்ணையும் நான் பார்த்ததில்லை, படத்தையும் பார்த்ததில்லை, அமுக்கிடுறேன். (சிரிப்பு) ஏன்னா நாளைக்கு என் பேரனுக்கு அவங்க அமுக்கணுமே!

ஆனா இந்த வியாதிக்கு நம்ம ஊர்ல ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலயே மருந்து எழுதி வச்சிருக்காங்க. உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலம். கி.பி. 919, 921. குடவோலை முறை. அது ஓட்டு இல்லை, குடத்துல ஓலை போட்டு எடுக்கிற குலுக்கல்தான். ஆனா யார் பேரை ஓலையில எழுதலாம், யார் பேரை எழுதக்கூடாதுன்னு சட்டம் இருக்கு பாருங்க, அதுதான் அழகு. வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் பேரை எழுதக்கூடாது. அவன் மட்டுமா? அவன் சொந்தக்காரங்க யார் யாருன்னு ஒரு பட்டியலே போட்டு, அவங்க பேரையும் எழுதக்கூடாதுன்னு கல்லுல வெட்டி வச்சிருக்கான்! தமிழனுக்குத் தெரியும், உறவுமுறை எங்கே போய் நிக்கும்னு. (பலத்த கைதட்டல்)

அதை மனசுல வச்சு நாங்களும் ஒரு விதி போட்டோம். படம் போட்ட பிள்ளையோட வீட்டுக்காரங்க அந்தப் பிள்ளை படத்துக்குச் சிப்பி போடக்கூடாது. இந்த விதி யார் தலையில விழப் போகுதுன்னு அப்போ எனக்குத் தெரியாது.

சாயங்காலம் ஊர் திரண்டு வந்தது. மீன் கூடையை இறக்கி வச்சுட்டு ஒரு அம்மா வந்தாங்க. எங்க முதல் பரிசுப் படத்துக்கு முன்னால நின்னாங்க. நல்லா பார்த்தாங்க. ‘இந்த மீனு என்னா மீனு சார்?’னாங்க. எனக்குத் தெரியலை. ‘இது நம்ம கடல்ல இல்லையே. பவளப்பாறையும் இங்கே கிடையாதே. அது ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம்ல?’னாங்க. சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டாங்க.

பழுப்புப் படத்துக்கு முன்னால வந்தாங்க. நின்னாங்க. போகலை. ‘அடியே, இங்க வாடி’ன்னு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாங்க. ‘கார்த்திகை போயி மார்கழி பொறக்கிற கடலு. ஆத்துத் தண்ணி இன்னும் தெளியலை. அப்படியே போட்டிருக்கு பாரு புள்ள’ன்னாங்க.

அப்போ நான் தலையைக் குனிஞ்சேன். ஏன் தெரியுமா? மழைக்காலத்துல அந்தக் கடலைப் பழுப்பாக்குறது எந்த ஆறு? அரசலாறு. அரசலாறு எந்த ஊர் வழியா வருது? எங்க கும்பகோணம் வழியா வருது! எங்க ஊர் வண்டல், எங்க ஊர் வெள்ளம், நாங்க தூக்கிப் போட்ட பாலித்தீன் பை, எல்லாம் அந்த ஆத்தோட போய்த்தான் அந்தக் கடல்ல விழுது. நான் அனுப்பின நிறத்தைத்தான் அந்தப் பொண்ணு வரைஞ்சிருக்கு. நான் அதுக்கு ‘நிறம் தவறு’ன்னு எழுதியிருக்கேன்! (நீண்ட கைதட்டல்)

ஒரு பெரியவர் வந்தாரு. வலையைப் பார்த்தாரு. ‘கண்ணு பெருசா இருக்கு. இது திருக்கை வலை. அடியில கட்டுற வலை. இதுலதான் ஆமை மாட்டும். விவரமா போட்டிருக்கு’ன்னாரு. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, ‘சார் கடலுக்குப் போயிருக்கீங்களா?’ன்னாரு. ‘பீச்சுக்குப் போயிருக்கேங்க’ன்னேன். (சிரிப்பு) நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர் கையில ஒரு சிப்பி. பீச்சுல சுண்டல் சாப்பிட்டவன் கையில முப்பது மார்க். இது நியாயமா ஐயா?

இப்போ அந்தப் படத்து முன்னால கூட்டம் கூடிப் போச்சு. யாரோ ஒருத்தர், படகுல போட்டிருந்த கோட்டைப் பார்த்து, படம் போட்ட பொண்ணோட அப்பாவைத் திரும்பிப் பார்த்தாரு. ‘ஏம்ப்பா, இது உன் படகு மாதிரி இருக்கே?’

கூடம் அமைதி ஆயிடுச்சு. ஒரு இளைஞர் சொன்னாரு, ‘இது நம்மளையே குத்தம் சொல்ற படம். வெளியூர்க்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? இதுக்கு யாரும் போடாதீங்க.’ அவர் பேச்சுலயும் நியாயம் இருக்கு. பெரிய பெரிய படகு எல்லாம் கடலை அரிச்சுக்கிட்டு இருக்கிறப்போ, சின்ன வலைக்காரனை மட்டும் குத்தவாளி ஆக்கலாமான்னு அவருக்கு ஆதங்கம்.

அந்த அப்பா முன்னால வந்தாரு. ‘என் படகுதான். என் வலைதான். போன மார்கழி. ராத்திரி கட்டிட்டு விடியக்காலம் போய்ப் பார்த்தேன். மாட்டி மூச்சு முட்டிச் செத்துக் கெடந்தது. கரைக்கு வந்து வலையைப் பிரிக்கிறப்போ பாப்பா நின்னுச்சு. எதுவும் கேக்கலை. இப்பதான் தெரியுது, அது பார்த்துக்கிட்டு இருந்திருக்கு’ன்னாரு.

அவருக்கு அந்தப் படத்துக்குச் சிப்பி போட உரிமை இல்லை. நான் போட்ட விதி. கையில சிப்பியை வச்சுக்கிட்டே நின்னாரு. ஆனா அவர் பேசி முடிச்சதும், அந்த மீன்காரம்மா போய் முதல் சிப்பியைப் போட்டாங்க. அப்புறம் அந்தப் பெரியவர். அப்புறம் ஒருத்தர், ஒருத்தரா... (கைதட்டல்)

ஆமை தண்ணிக்குள்ள இருந்தாலும் மீன் மாதிரி செவுளால மூச்சு விடாதுங்க. அதுக்கு நம்மள மாதிரி நுரையீரல். மேலே வந்து காத்தை இழுத்துட்டுத்தான் உள்ளே போகணும். வலையில மாட்டினா மேலே வர முடியாது. தண்ணியிலயே வாழுற ஜீவன், தண்ணியில மூழ்கிச் சாகுது. பங்குனி ஆமைன்னு நம்ம கரையில சொல்றோமே, அது ஒரு தடவைக்கு நூறு முட்டை மாதிரி இடும். அதுல ஒண்ணு ரெண்டு பிழைச்சுப் பெருசாகுறதே அபூர்வம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில புலியோட சேர்த்து வச்சிருக்கிற உயிர். 2025 ஜனவரியில சென்னைக் கடற்கரை ஓரமா நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினதைப் பத்திரிகையில பார்த்தோமே, அந்த ஆமைதான்.

சிப்பியை எண்ணினோம். முதல் பரிசு, படகு விசிறியில பிளாஸ்டிக் பை சுத்திக்கிட்டு நடுக்கடல்ல நிக்கிற படகைப் போட்ட ஒரு ஆறாம் வகுப்புப் பையனுக்கு. ரெண்டாவது, இந்தப் பொண்ணு. ரெண்டு படமும் எங்க பட்டியல்ல முதல் பத்துலயே இல்லை. நாங்க முதல் பரிசு குடுத்த நீலக்கடலுக்கு எத்தனை சிப்பி? நாலு.

நடுவர்: அந்த நாலு யாரு போட்டது?

மூணு நடுவர்ங்க ஐயா. நாலாவது அந்தப் பையனோட டியூஷன் வாத்தியார். சொந்தக்காரங்க போடக்கூடாதுன்னு விதி போட்டோமே தவிர, டியூஷன் வாத்தியாரை மறந்துட்டோம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி அண்ணன் ஒரு வெளிநாட்டு உதாரணம் சொன்னாரு. 2016-ல இங்கிலாந்துல துருவக் கடல்களை ஆராயப் போற கப்பலுக்குப் பேர் வைக்கச் சொல்லி மக்கள்கிட்ட கேட்டாங்க. மக்கள் வச்ச பேர் ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’. நம்ம ஊர்ல சொல்லணும்னா ‘படகுமூஞ்சிப் படகப்பன்’! (சிரிப்பு) அதுக்கு விழுந்த ஓட்டு 1,24,109. அரசாங்கம் பயந்து போய், அந்தப் பேரை வைக்காம, இயற்கை அறிஞர் டேவிட் அட்டன்பரோ பேரை வச்சுது. ‘பார்த்தீங்களா மக்கள் லட்சணத்தை?’ன்னாரு அண்ணன்.

அண்ணே, கதையை முழுசா சொல்லணும்ல? அந்தக் கப்பல் கூடப் போற, ஆள் இல்லாத சின்ன நீர்மூழ்கிக் கருவிக்கு மக்கள் வச்ச அதே பேரை வச்சாங்க. 2017-ல அது அண்டார்டிகா பக்கம் ஆழ்கடலுக்குள்ள போய் ஆராய்ச்சி பண்ணிட்டு வந்தது. ஒரு ஆராய்ச்சிக் கருவி பேரைச் சின்னப் பிள்ளைங்க ஞாபகம் வச்சிருக்குன்னா அது யாரால? மக்களால!

நியூசிலாந்தைப் பாருங்க. 2005-லேருந்து வருஷா வருஷம் ‘இந்த ஆண்டின் பறவை’ன்னு மக்களை ஓட்டுப் போடச் சொல்றாங்க. 2020-ல கள்ள ஓட்டு விழுந்தது. கிவிப் பறவைக்கு 1,500-க்கு மேல! (சிரிப்பு) 2021-ல பறவைப் போட்டியில ஜெயிச்சது யாரு? வௌவால்! (பலத்த சிரிப்பு) போட்டியை நிறுத்தினாங்களா? கள்ள ஓட்டைப் பிடிச்சுத் தள்ளிட்டு, தொடர்ந்து நடத்துறாங்க. ஏன்னா, யார் ஜெயிக்கிறாங்கங்கிறது இல்லை விஷயம். அழிஞ்சுக்கிட்டு இருக்கிற ஒரு பறவையோட பேரை வீட்டுக்கு வீடு சாப்பாட்டு மேஜையில பேசுறாங்களே, அதுதான் விஷயம்.

நடுவர்களே வேண்டாம்னு நான் சொல்லலை ஐயா. கோடு சரியா, அளவு சரியான்னு சொல்ல நடுவர் வேணும். கூகுள் நிறுவனம் இந்தியாவுல 2009-லேருந்து பள்ளிப் பிள்ளைங்களுக்கு ஓவியப் போட்டி நடத்தினப்போ, வந்து குவிஞ்ச படங்களை நடுவர்கள் சலிச்சுக் குடுத்தாங்க. பிறகு மக்கள் ஓட்டுப் போட்டாங்க. ஜெயிச்ச பிள்ளையோட படம் நவம்பர் 14 அன்னிக்கு அவங்க முதல் பக்கத்துல வந்தது. சலிக்கிறதுக்கு நடுவர் இருக்கட்டும். ஆனா கடைசிச் சொல் மக்களுடையதா இருக்கணும். அந்த ஓட்டும் எப்படி இருக்கணும்? வீட்டுல படுத்துக்கிட்டு அமுக்குற ஓட்டா இருக்கக்கூடாது. படத்துக்கு முன்னால வந்து நின்னு, பார்த்து, பக்கத்துல இருக்கிறவரோட சண்டை போட்டு, அப்புறம் போடுற ஒரே ஒரு சிப்பியா இருக்கணும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் மார்க் போட்டேன். போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். என் மார்க்கால ஒரு ஆமையாவது பிழைச்சுதா? அந்த ஊர் அந்தப் படத்தை அதே கூடத்துல மாட்டி வச்சுது. தினம் அதுக்குக் கீழே உக்காந்துதான் வலை பின்னினாங்க. அடுத்த மாசி மாசம் அந்த அப்பாவைப் பார்த்தேன். ‘இப்பல்லாம் வலையை விடியவிடியக் கிடக்க விடுறதில்லை சார். ராத்திரியில ஒரு தடவை போய்ப் பார்த்துடறேன். டீசல் செலவுதான். ஒண்ணை உயிரோட அறுத்து விட்டேன்’னாரு. வலையை அறுத்தா யாருக்கு நஷ்டம்? அவருக்குத்தான். ‘பாப்பாகிட்ட சொன்னீங்களா?’ன்னேன். ‘அதுவும் படகுலதான் இருந்துச்சு சார்’னாரு. (நீண்ட கைதட்டல்)

நல்ல படம் எதுன்னு நடுவர் சொல்லலாம். அந்தப் படம் சொன்னதைக் கேட்டு வலையை மாத்தப் போறது நடுவர் இல்லை ஐயா, மக்கள். பையைக் கீழே போடாம இருக்கப் போறது நடுவர் இல்லை, கும்பகோணத்துல ஆத்தங்கரையில இருக்கிற மக்கள். யார் மாறணுமோ அவங்க கையில சிப்பியைக் குடுங்க.

அந்தப் படம் இன்னும் அங்கே தொங்குது. ஓரத்துல சிவப்பு மையில ‘கடலின் நிறம் தவறு’ன்னு எழுதினது நான்தான். அழிக்கிறேன்னு போய் நின்னேன். அந்தப் பொண்ணு, ‘இருக்கட்டும் சார், அடுத்த தடவை மார்கழியில வாங்க, காட்டுறேன்’னு சொல்லிச்சு. போனேன். படகுல கூட்டிக்கிட்டுப் போனாங்க. எனக்கு வாந்தி வந்தது. (சிரிப்பு) ஆனா பார்த்தேன். கடல் பழுப்புத்தான்.

ஆகவே நடுவர் அவர்களே, கடல் காக்கும் ஓவியத்துக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியவர்கள் பொதுமக்களே, பொதுமக்களே என்று உறுதியாகக் கூறி, நீங்களும் இன்று தீர்ப்பு எழுதும்போது சிவப்பு மைப் பேனாவைத் தொட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)